மேனுவல் கியர் பிக்கப்: மிச்சமாகிற காசு யார் கால்ல இருந்து வருது?



போன வாரம் நம்ம சேனல்ல பிக்கப் வண்டி பத்திப் போட்ட வீடியோவுக்கு அப்புறம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்துட்டு இருக்கு. "அண்ணா, ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். மேனுவல் எடுத்தா ரெண்டு லட்சம் மிச்சம். ஆட்டோமேட்டிக் எடுத்தா நிம்மதின்னு சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?"

வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டுப் போயிட்டேன். அது பத்தாது. ஏன்னா இது வெறும் வண்டி விஷயம் இல்ல, ஏழெட்டு வருஷம் உங்க கூடவே வரப்போற செலவு. அதனால இந்தப் பதிவுல கணக்கோட பார்த்துடலாம்.

நான் இருக்கிறது திருச்சி அரியமங்கலம். பச்சைமலை அடிவாரத்துல, சோபனபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. மரவள்ளியும் கொஞ்சம் தென்னையும். அதுக்காகத்தான் 2022ல ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கினேன், மேனுவல் கியர். என்ன கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. ஏன்னா இந்தக் கதையில தப்பு வண்டி மேல இல்ல, என் இடது கால் மேல.

மலையில போகல, பால்பண்ணையில போச்சு

வாங்கும்போது வண்டி 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 58,000ல கிளட்ச் முடிஞ்சுது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது. கூடவே ஒரு கருகல் வாடை. பில் 41,000 ரூபாய். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர் எல்லாம் சேர்த்து.

நான் மெக்கானிக் அண்ணன்கிட்ட, "மலை ஏறி ஏறித்தான் போயிருக்கும்ல?"ன்னு கேட்டேன். அவர் கழட்டின பிளேட்டைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சார். "தம்பி, மலையில நீ மாசத்துக்கு ரெண்டு நாள் ஓட்டுற. மீதி இருபத்தெட்டு நாளும் எங்க ஓட்டுற?"

திருச்சிக்காரங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்ல. பால்பண்ணையில இருந்து துவாக்குடி வரைக்கும் தஞ்சாவூர் ரோடு எப்படி இருக்கும்னு தெரியும். சர்வீஸ் ரோடு கேட்டு மக்கள் எத்தனை வருஷமா போராடிட்டு இருக்காங்கன்னும் தெரியும். போதாக்குறைக்கு 2024 ஜனவரியில ஜி கார்னர் பாலத்துல தடுப்புச்சுவர் சேதமாகி, போக்குவரத்தைத் திருப்பி விட்டாங்க. அந்த நாட்கள்ல நான் வீட்டுக்கும் வேலைக்கும் போனது கியர்ல இல்ல, பாதி மிதிச்ச கிளட்ச்லதான். பஸ் பத்து அடி நகர்ந்தா நானும் பத்து அடி. ரெண்டு டன் பக்கம் வர்ற வண்டியை அப்படி நகர்த்தினா பிளேட் என்ன ஆகும்?

இதுதான் நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்ட முதல் பாடம். ஆஃப் ரோடு வண்டியோட கிளட்ச்சைத் தீர்க்கிறது பெரும்பாலும் ஆஃப் ரோடு இல்ல, ஆபீஸ் ரோடு.

உள்ள என்ன நடக்குது? சுருக்கமா

மேனுவல்ல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல உராய்ற பிளேட் ஒண்ணு இருக்கு. பெடலை முழுசா விட்டா பிளேட் இறுக்கிப் பிடிச்சுக்கும், தேய்மானம் கிடையாது. முழுசா மிதிச்சா விலகிடும், அப்பவும் பிளேட் தேயாது. தேயுறதெல்லாம் நடுவுல, அந்தப் பாதி மிதியிலதான். பைக்ல பிரேக் ஷூ தேயுற மாதிரியே.

பிக்கப்கள்ல வர்ற ஆட்டோமேட்டிக்ல பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர்தான். அங்க அந்த வேலையை ஆயில் பார்த்துக்குது. அதனால ஊர்ந்து போற டிராஃபிக் அதுக்குப் பெரிய பாரம் இல்ல. ஆனா அதுக்கும் செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. அந்த ஆயிலை உரிய நேரத்துல மாத்தணும். கியர்பாக்ஸே கைவிட்டா ரிப்பேர் பில் கிளட்ச் பில்லை விடப் பல மடங்கு பெருசா வரலாம்.

நம்ம நாட்டுல சொந்த உபயோகத்துக்கு இந்த மாதிரி வண்டின்னா முதல்ல ஞாபகம் வர்றது ரெண்டு. ஒண்ணு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016ல வந்தது, நம்ம பக்கத்துல ஆந்திரா ஸ்ரீசிட்டியில தயாராகுது. 2021ல பிஎஸ்-6க்கு மாறினப்போ 1.9 லிட்டர் டீசல் இன்ஜின், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க். ஆறு கியர் மேனுவலும் உண்டு, ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. இன்னொண்ணு 2022ல வந்த டொயோட்டா ஹைலக்ஸ், 2.8 லிட்டர். இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அதே இன்ஜின், மேனுவல்ல 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்ல 500. அதாவது "மேனுவல்னாதான் இழுவை"ங்கிற பழைய பேச்சு இப்போ எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

அமெரிக்காவுல பிக்கப் ஓட்டாத ஊரே இல்ல. அங்கயே ஜீப் கிளாடியேட்டர் 2025 மாடல்ல மேனுவலை நிறுத்திட்டாங்க. டொயோட்டா டகோமா மட்டும்தான் மிச்சம். நம்ம ஊர்ல மேனுவல் இன்னும் தாராளமா கிடைக்குது. அதனாலதான் நமக்கு இந்தக் கேள்வியே வருது.

இப்ப கணக்குக்கு வருவோம்

கீழ இருக்கிற விலையெல்லாம் உதாரணத்துக்கு வச்சது. ஷோரூம்ல உங்களுக்குக் கொடுக்கிற கொட்டேஷனை எடுத்து, உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

மேனுவல் 24 லட்சம், ஆட்டோமேட்டிக் 26 லட்சம்னு வச்சுப்போம். வித்தியாசம் 2 லட்சம்தானேன்னு தோணும். இல்ல. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து புது கார்களுக்கான ஆயுள் வரி ஏறியிருக்கு. 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 10 லட்சம் வரைக்கும் 13, 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18, 20 லட்சத்துக்கு மேல 20 சதவீதம். அப்போ அந்த 2 லட்சத்துக்கு வரி மட்டும் 40,000 ரூபாய். ஆக வித்தியாசம் 2,40,000. இன்சூரன்ஸும் வருஷா வருஷம் கொஞ்சம் கூடும், அதை விட்டுடலாம்.

உங்க பட்ஜெட் 20 லட்சம் பக்கத்துல இருந்தா இன்னும் உஷாரா இருங்க. மேனுவல் 19.6 லட்சம், ஆட்டோமேட்டிக் 20.8 லட்சம்னா, 18 சதவீத வரி 3,52,800. 20 சதவீத வரி 4,16,000. விலை வித்தியாசம் 1.2 லட்சம், அதுக்கு மேல வரி வித்தியாசம் மட்டும் 63,200! படி தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும் புது சதவீதம்தான்.

சரி, முதல் உதாரணத்துக்கே வருவோம். அந்த 2,40,000ஐயும் லோன்ல போட்டா? 9.5 சதவீத வட்டி, 5 வருஷம்னா மாசம் சுமார் 5,040 ரூபாய் இஎம்ஐ. அஞ்சு வருஷத்துல நீங்க கட்டுறது 3,02,000 ரூபாய்க்கு மேல. இதுதான் ஆட்டோமேட்டிக்கோட உண்மையான கூடுதல் விலை.

அடுத்து டீசல். வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. மேனுவல் லிட்டருக்கு 12, ஆட்டோமேட்டிக் 11 கொடுக்குதுன்னு வச்சா, வருஷத்துக்கு 114 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 93 ரூபாய்னா சுமார் 10,500. ஆனா இது நிச்சயமான மிச்சம் இல்ல. இப்போ வர்ற ஆட்டோமேட்டிக் சிலதுல மைலேஜ் கிட்டத்தட்ட சமமாவே வரும். அதனால இதையும் நான் கணக்குல சேர்க்கல.

எதிர்ப்பக்கம் கிளட்ச் செலவு. பக்குவமா ஓட்டினா ஒரு கிளட்ச் 80,000, ஒரு லட்சம் கிலோமீட்டர் கூடத் தாங்கும். என்னை மாதிரி ஓட்டினா தாங்காது. ஏழு வருஷத்துல 1,05,000 கிலோமீட்டர், அதுல ரெண்டு தடவை மாத்துறதா வச்சாலும் 82,000 ரூபாய்.

ஆக, மோசமா ஓட்டினாக் கூட லோன் கணக்குல 2 லட்சத்துக்கு மேல மேனுவல் மிச்சம். "அப்போ மேனுவல்தானே அண்ணா?"ன்னு கிளம்பிடாதீங்க. இந்தக் கணக்குல வராத ஒரு செலவு இருக்கு. அதை நான் போன வருஷம் கட்டினேன்.

வண்டி நின்னுச்சு, இஎம்ஐ நிக்கல

2025ல பைக்ல இருந்து விழுந்து இடது கணுக்கால்ல எலும்பு விரிசல். ஆறு வாரம் கட்டு. வலது கால் நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு. ஆட்டோமேட்டிக்கா இருந்தா டாக்டர் சம்மதிச்ச பிறகு கொஞ்சம் முன்னாடியே ஸ்டியரிங் பிடிச்சிருக்கலாம். கிளட்ச் வண்டியில அதுக்கு வழியே இல்ல.

என் மனைவிக்கு லைசென்ஸ் இருக்கு. டிரைவிங் ஸ்கூல்ல சின்னக் கார்ல கத்துக்கிட்டது. இந்த வண்டி பதினேழு அடிக்கு மேல நீளம், கிளட்ச் கனம், எங்க தெரு குறுகல். நான் தான் "உனக்கு எதுக்கு இந்த வண்டி, நான் இருக்கேன்ல"ன்னு சொல்லிச் சொல்லி மூணு வருஷம் ஓட்ட விடாமலே வச்சிருந்தேன்.

விளைவு? வண்டி ஷெட்ல தூங்குது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு செக்கப் போகணும், ஆட்டோ. நிலத்துல மரவள்ளி பிடுங்கிப் போட்டாச்சு, வாடகை வண்டி. ஆக்டிங் டிரைவர் கூப்பிட்டா ஒருத்தர் வந்து தெருவைப் பார்த்துட்டு, "இதை இங்க திருப்ப முடியாதுண்ணே"ன்னு போயிட்டார். ஆனா அஞ்சாம் தேதி ஆனா பேங்க்ல இருந்து இஎம்ஐ மட்டும் கரெக்டா போச்சு.

வீட்டுல ஒருத்தரால மட்டுமே ஓட்ட முடியுற வண்டி பாதி சொத்துதான். விலை முழுசா கொடுக்கிறோம், பயன் பாதி. இதை யாரும் கொட்டேஷன்ல எழுதித் தர மாட்டாங்க.

கட்டுப் பிரிச்ச பிறகு நான் செஞ்ச முதல் வேலை, ஞாயித்துக்கிழமை காலையில துவாக்குடி தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத லே-அவுட் ரோட்டுல வண்டியை நிறுத்தி, சாவியை அவங்க கையில கொடுத்தது. முதல் நாள் ஏழு தடவை ஆஃப் ஆச்சு. நான் வாயைத் திறக்கல, அது எனக்குப் பெரிய கஷ்டம். நாலாவது வாரம் தஞ்சாவூர் ரோட்டுல ஓட்டினாங்க. போன மாசம் சோபனபுரத்துல இருந்து டாப் செங்காட்டுப்பட்டி வரைக்கும் அவங்கதான் ஏத்தினாங்க. நான் பக்கத்து சீட்ல உக்காந்து வராத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போனேன்.

மேனுவல் எடுத்தா கிளட்ச்சைக் காப்பாத்துறது எப்படி?

*ஒண்ணு:* ஓடும்போது கால் பெடல் மேல இருக்கவே கூடாது. லேசா வச்சிருந்தாலும் தேயும். பக்கத்துல கால் வைக்க இடம் இருக்கு, அங்க வைங்க.

*ரெண்டு:* டிராஃபிக்ல பத்து அடிக்கு ஒரு தடவை நகராதீங்க. முன்னாடி வண்டி போகட்டும், இடைவெளி விழட்டும். அப்புறம் முதல் கியர்ல போட்டு, கிளட்ச்சை முழுசா விட்டுடுங்க. டீசல் வண்டி ஆக்ஸிலேட்டர் இல்லாமலே மெதுவா ஊர்ந்து போகும். பின்னாடி ஹாரன் அடிப்பாங்க. அடிக்கட்டும், 41,000 ரூபாயை அவங்க தரப் போறதில்ல.

*மூணு:* சிக்னல்ல நியூட்ரல். மேட்டுல நிக்கும்போது ஹேண்ட் பிரேக். கிளட்ச்லயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது திறமை இல்ல, செலவு.

*நாலு:* மண் மேட்டுல, சேத்துல ரிவர்ஸ் எடுக்கணும்னா ஃபோர் லோவுக்கு மாத்திக்கோங்க. கியர் விகிதம் குறைஞ்சுடுறதால பாதி மிதிக்குத் தேவையே வராது. ஆனா காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டுட்டுத் திருப்பாதீங்க. பெரும்பாலான பிக்கப்கள்ல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்துல பூட்டிக்கும். திருப்பத்துல ரெண்டும் வேற வேற தூரம் போகணும், போக முடியாம உள்ள முறுக்கு ஏறும்.

*அஞ்சு:* இறக்கத்துல மேனுவலுக்குத்தான் மரியாதை. ஏறின கியர்லயே இறங்குங்க. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. அதை முழுக்க பிரேக்கை மிதிச்சே இறங்கினா பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். இன்ஜினே வண்டியைப் பிடிச்சு இறக்கட்டும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

கிளட்ச் தேய்மானப் பொருள். வாரன்ட்டியில பொதுவா வராது. இன்சூரன்ஸ்லயும் தேய்மானம், மெக்கானிக்கல் பழுது ரெண்டும் கிடையாது. ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தாலும் அது விபத்துல மாத்துற பாகங்களுக்குத்தான். அதனால மேனுவல் எடுக்கிறவங்க மாசம் 1,000 ரூபாய் தனியா ஒரு ஆர்டி போட்டுடுங்க. மூணரை வருஷத்துல ஒரு கிளட்ச் காசு ரெடி. தேவைப்படலையா, டயருக்கு ஆகும்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவங்க, நான் செய்யாம விட்டதைச் செய்யுங்க. சமதளத்துல, முன்னாடி ஆள் இல்லாத இடமாப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துட்டு, மூணாவது கியர்ல போட்டுக் கிளட்ச்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே திணறி ஆஃப் ஆனா கிளட்ச் நல்லா இருக்கு. ஆஃப் ஆகாம ஓடிக்கிட்டே இருந்தா பிளேட் வழுக்குது. ஒரு தடவை போதும். விலையில அந்த 40,000ஐக் குறைச்சுப் பேசுங்க.

இன்னொண்ணு, வெள்ளை போர்டு வண்டியில நம்ம வீட்டுச் சாமான் ஏத்தலாம். அடுத்தவங்க சரக்கை வாடகைக்கு ஏத்தாதீங்க. அபராதம் ஒரு பக்கம், அந்த நேரத்துல விபத்து நடந்தா கிளெய்ம் சிக்கல் இன்னொரு பக்கம். வாடகைக்கு ஓட்டுறதுதான் திட்டம்னா மஞ்சள் போர்டு வண்டியாவே பாருங்க.

சரி, எதை எடுக்கிறது?

ஒரு மாசம் நீங்க ஓட்டுற கிலோமீட்டரை மூணா பிரிச்சு ஒரு பேப்பர்ல எழுதுங்க: ஊர்ந்து போற டிராஃபிக், நல்ல ரோடு, மண் ரோடும் மலையும். முதல் பங்கு பாதிக்கு மேல வந்தா, அல்லது உங்க முழங்கால், இடுப்பு ஏற்கெனவே மக்கர் பண்ணினா, ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கிற 2,40,000 ஆடம்பரம் இல்ல. கையில அந்தக் காசு இருந்தா கொடுங்க. லோனைக் கூட்டித்தான் ஆகணும்னா மறுபடி யோசிங்க.

ரெண்டாவது, மூணாவது பங்குதான் அதிகம்னா மேனுவல் தாராளமா எடுக்கலாம். மிச்சமாகிற மாசம் 5,040ல 1,000 கிளட்ச்சுக்கு, மீதியை எஸ்ஐபியில போடுங்க. போடலைன்னா அது மிச்சமே இல்ல, வேற எங்கயோ செலவாகியிருக்கும்.

எதை எடுத்தாலும் வீட்டுல ரெண்டாவது ஆள் ஒருத்தர் அதை ஓட்டப் பழகணும். வண்டி வந்த முதல் மாசமே. நான் அதை மூணு வருஷம் தள்ளிப் போட்டேன், கணுக்கால் உடைஞ்ச பிறகுதான் புத்தி வந்தது. அதுக்கு ஆகுற செலவு நாலு ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் டீசல், நம்ம வாயை மூடிக்கிட்டு உக்கார்ற பொறுமை. அவ்வளவுதான்.

அடுத்த பதிவுல பழைய வண்டி லோனுக்கும் புது வண்டி லோனுக்கும் வட்டி ஏன் இவ்வளவு வித்தியாசம்னு பார்க்கலாம்.